ஐந்நூறு பேருக்கு ஒரு காவலர்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், சந்தைத் திடலில் மாவு வண்டிகளை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டிருந்தபோது, குலேபின் நகரத்தின் நான்காம் எண் காவலர் நஸாருக்குப் பிரசவ வலி கண்டது. ஆண்டு 1888, பிப்ரவரி மாதம். ரை மாவு மூட்டை ஐந்து ரூபிளுக்குப் போய்க்கொண்டிருந்தது. நஸார் ஆறடி ஆள். துருக்கிப் போரில் தொடையில் பாய்ந்த குண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டே எடுக்கக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் வண்டிச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அலறினார். அனாதை விடுதியில் வளர்ந்த அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. கம்பவுண்டர் அவ்தேய் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்து, புளித்த முட்டைக்கோஸ் அதிகம் தின்றிருக்கிறார் என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து வலி வெட்டினாற்போல் நின்றது. அதே நிமிடத்தில் சந்தைக்குப் பின்சந்தில் கொல்லன் பக்கோமின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. லுக்கேரியா என்று பெயர் வைத்தார்கள். நஸார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டிகளை ஒதுக்கப் போனார். மாலை வீடு திரும்பியதும் மனைவி உஸ்தின்யாவிடம், "இனிமே எந்தப் பொம்பளையையும் நான் லேசா நினைக்க மாட்டேன்டி" என்று மட்டும் சொன்னாராம்.

காரணம் தெரிய எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அதற்கு முந்தைய கோடையில் தலைநகரத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. சிறு நகரங்களின் காவல் படையில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை அது வகுத்தது: ஐந்நூறு குடிமக்களுக்கு ஒரு காவலர். மற்ற ஊர்களில் எல்லாம் தலையை எண்ணி, வகுத்து, தெருவைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். எங்கள் ஊர்க் காவல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் பொர்ஃபீரி. நல்ல மனிதர், ஆனால் எண்ணுக்குப் பயந்தவர். "ஐந்நூறு பேர்னா எந்த ஐந்நூறு பேர்?" என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாகாணத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பதில் இல்லை. மேற்பார்வையாளர் கப்பித்தோன் லூக்கிச், "யோவ், எப்படியாவது பிரிச்சுத் தொலை, என்னைத் தூங்க விடு" என்றார். அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு பொர்ஃபீரி ஊரிலுள்ள ஒவ்வொரு பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பாதிரியாரின் ஆட்டுத்தோல் தொப்பியில் போட்டுக் குலுக்கினார். நான்கு நாள் குலுக்கல். புருஷன் ஒரு காவலருக்கு, பெண்டாட்டி இன்னொருவருக்கு, மாமியார் மூன்றாமவருக்கு என்று விழுந்தது. நஸாரின் பெயர் நஸாருக்கே விழுந்தது. அவருடைய உஸ்தின்யா இரண்டாம் எண் காவலர் குரிக்குப் போய்விட்டாள். உப்புக் கடை வைத்திருந்த நான் நஸாரின் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள். இதில் எனக்குப் பெருமைதான், ஒளிப்பானேன்.

ஊரில் அப்போது இரண்டாயிரத்து ஒரு பேர் இருந்தோம். நான்கு காவலருக்கும் ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுத்த பிறகு தொப்பியின் அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் வண்ணாரத் தொழில் செய்து பிழைத்த விதவை மாவ்ராவின் பெயர் இருந்தது. பொர்ஃபீரி தனித் தாள் எடுத்து, "மிச்சம்" என்று தலைப்பிட்டு, கீழே அந்த ஒரு பெயரை எழுதி, மணலைத் தூவி உலர்த்தி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காவலரும் தன் ஐந்நூறு பேருக்கு உடம்பில் என்ன வந்தாலும் தன் உடம்பில் அறிந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்; எங்கள் ஊர்க் காவலர்களுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. குடித்துவிட்டு ஒருவன் பெண்டாட்டியை அறைந்தால், அறைந்தவனின் கை எரிச்சல் ஒரு காவலருக்கும் அறை வாங்கியவளின் கன்ன எரிச்சல் இன்னொரு காவலருக்கும் போகும். இருவரும் ஊரின் இரண்டு கோடியிலிருந்து ஓடிவந்து அந்த வீட்டு வாசலில் முட்டிக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுக்குள் எங்கள் ஊரில் அறை நின்றுபோனது. சுவரேறிக் குதித்த திருடனுக்குக் கால் பிசகியதும் காவலர் நொண்டிக்கொண்டே வந்து பிடித்துவிட்டார். பண்டிகை நாளில் காவலர்கள் வீடு வீடாக வந்து வாழ்த்துச் சொல்லி, ஒரு கிளாஸ் வோட்காவும் சில்லறையும் வாங்கிப்போவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். எங்கள் நஸாரால் அது முடியாமல் போனது. வெண்ணெய் வார விழாவின் முதல் நாள் மதியத்துக்குள் அவருடைய ஐந்நூறு பேர் குடித்த குடியில், ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர் தேவாலயத்து வேலியைக் கட்டிப்பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார். மறுவருடம் பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: "குடிங்கப்பா, வேண்டாங்கல. நஸாருக்குப் போதும்கிற அளவுக்குக் குடிங்க."

ஆள் கிடைப்பதுதான் பாடாகிவிட்டது. சம்பளம் வருடத்துக்கு நூற்றைம்பது ரூபிள். அதற்கு ஐந்நூறு பேரின் மூட்டுவலியைச் சுமக்க எவன் வருவான்? ஒன்றாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் ஆறு வருடத்தில் பதினான்கு பேர் வந்து போனார்கள். ஒருவன் சீருடைக் கோட்டை மாட்டி எண் வில்லையைக் குத்திய கையோடு பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அன்று மாலையே காலணியைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான். தாக்குப்பிடித்தவர்கள் குரியும் நஸாரும்தான். குரி பெரிய வாயாடி. "உன் உஸ்தின்யாவுக்கு இன்னிக்குக் காலைலேர்ந்து ஒத்தைத் தலைவலி. வீட்டுக்குப் போனதும் வாயைத் தொறக்காம இரு" என்பான்.

"என் பொண்டாட்டி தலை வலிக்கிறது உனக்கு எதுக்குடா தெரியணும்?" என்று நஸார் பல்லைக் கடிப்பார்.

"நானா கேட்டேன்? தொப்பியைக் கேளு. உன் சமையலுக்கு அவ வெங்காயம் அரியறா, கண்ணு எரியறது எனக்கு."

மாகாணத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி, நஸாரை மட்டும் தனியாக அழைத்து, இவ்வளவு பேர் ஓடிப்போகும் இடத்தில் நீ மட்டும் ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். "பழகிடுச்சுங்க ஐயா" என்றார் நஸார். ஆனால் என் கடையில் உப்பு வாங்க வந்தபோது வேறு சொன்னார். விடுதியில் காய்ச்சலாகக் கிடந்தால் பக்கத்துப் படுக்கைக்காரன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டானாம். "இப்போ பாரு, ஐந்நூறு பேருக்கு எங்கே வலிக்குதுன்னு எனக்குத் தெரியுது. இவ்வளவு பெரிய குடும்பம் எவனுக்கு இருக்கு?" சொல்லும்போது என் குதிகால் ஆணியை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்தார். வலி என்னுடையது, நொண்டல் அவருடையது. நாங்களும் மனிதர்கள்தானே, சும்மா இருப்போமா? குரியின் பட்டியலில் இருந்த, ஆறு வருடம் சொத்தைப் பல்லோடு கிடந்த தோல் பதனிடும் சிலாந்தி போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான். கொல்லன் பக்கோம் விரலில் சுத்தியல் பட்டால் முதலில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மன்னிச்சுக்க நஸார் மாமா!" என்று கத்திவிட்டுத்தான் விரலைச் சப்புவான்.

மாவ்ராவை மட்டும் யாரும் அறியவில்லை. ஊர் எண்ணிக்கை வருடா வருடம் அதே இரண்டாயிரத்து ஒன்றாகவே நின்றது. ஒருவர் கண்ணை மூடினால் அதே வாரத்தில் ஒரு தொட்டில் ஆடும், ஒரு குடும்பம் வந்தால் ஒரு குடும்பம் வேலை தேடிப் போகும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒருமுறை கிழவர் ஒருவர் இறந்து நஸாரின் பட்டியலில் இடம் விழுந்தது. அன்றைக்கே மீனவன் வீட்டில் பிள்ளை பிறந்தது. பொர்ஃபீரி மனசு கேட்காமல் மாவ்ராவைக் கூப்பிட்டு, "வரிசைப்படி உன் முறைதான், கையெழுத்துக்குப் பதிலா ஒரு கோடு போடு" என்றார்.

மாவ்ரா இடுப்பில் கையை வைத்தாள். "அப்போ அந்தப் பச்சப்புள்ளையை மிச்சம்னு எழுதுவியா? கண்ணாடி போட்டவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. அதுக்கே குடுத்துடு. எனக்கு என்ன வந்தது? முப்பது வருஷமா எனக்கு வலிச்சா எனக்குத்தான் வலிக்குது, இனிமேலும் வலிச்சுட்டுப் போகட்டும்." இப்படி மூன்று முறை மூன்று குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்தாள். நான்காவது முறை பொர்ஃபீரி அவளைக் கூப்பிடவே இல்லை, நேராகத் தொட்டிலுக்கு எழுதிவிட்டார். நல்லவர்களைக் கேட்காமலே இருந்துவிடுவது எங்களுக்கும் வசதியாக இருந்தது, இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

1892ஆம் ஆண்டு டிசம்பரில், தோஸ்மா நதியில் பனிக்கட்டியை வெட்டித் துளைபோட்டுத் துணி அலசப் போனவள், கூடையோடு சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். கரைச் சரிவில் நாலு மணி நேரம் கிடந்தாள். கத்தினாள், காற்று எதிர்த்திசையில் அடித்தது. அந்த நேரத்தில் ஊரில் நான்கு காவலர்களும் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் கால் வலிக்கவில்லை. விறகு ஏற்றிவந்த சறுக்குவண்டிக்காரன் ஒருவன் தற்செயலாகப் பார்த்துத் தூக்கிவந்தான். செய்தி கேட்டு நஸார் அவள் குடிசைக்கு ஓடினார். அவள் குளிருக்கு அடுப்பின்மேல் கட்டியிருந்த படுக்கைத் திண்ணையில் படுத்துக்கொண்டு, "வாங்க துரை! ஊர்ல எந்த வீட்டுல எறும்பு கடிச்சாலும் துள்ளுவீங்களே, இன்னிக்கு என்ன, லீவா?" என்று சிரித்தாள். நஸார் சிரிக்கவில்லை. அவள் அலசிக்கொண்டிருந்த துணிகளை மூலையில் கண்டார். அவருடைய சீருடைச் சட்டை இரண்டும் அதில் இருந்தன.

அங்கிருந்து நேராகக் காவல் அலுவலகத்துக்குப் போனார். "மாவ்ராவை என் பட்டியல்ல சேர்த்துடுங்க" என்றார்.

"ஐந்நூத்தி ஒண்ணா? முடியாது நஸார் யெகோரிச்" என்றார் பொர்ஃபீரி. "போன வருஷம் குரி தன் மச்சினனை ஆசைப்பட்டுக் கூடுதலாச் சேர்த்தான், தெரியுமில்ல? அன்னிக்கு ராத்திரியே சிலாந்தி சுடுதண்ணியைக் கால்ல ஊத்திக்கிட்டான், குரிக்கு ஒண்ணுமே தெரியல. ஒண்ணு ஏறினா ஒண்ணு கழண்டுடுது. யாரை எடுக்கணும்னு சொல்லு, எடுக்கறேன். பக்கோம் பொண்ணையா? உப்புக் கடைக்காரரையா?"

நஸார் பட்டியலை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். படிக்கப் படிக்க அந்தந்தப் பெயரின் முழங்காலோ முதுகோ அவருக்குச் சுருக்கென்று நினைவு வந்தது. யாரையும் எடுக்க மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் தன் பெயரைக் கண்டதும் விரல் நின்றது. "இந்த ஆளை எடுத்துடுங்க" என்றார்.

"பைத்தியமா உனக்கு? உன்னை யாருய்யா பாத்துப்பா?"

"எனக்கு என்ன, உஸ்தின்யா இருக்கா. வெட்டுங்க."

பொர்ஃபீரி ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினார். மை காய்வதற்குள் நஸாரின் கணுக்கால் முறிந்த வலியில் மடங்கியது. அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. இரண்டு கைகளிலும், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, முப்பது குளிர்காலம் பனிக்கட்டித் துளைக்குள் துணி அலசிய கடுப்பு ஏறியது. ஐந்நூறு பேரின் வலியையும் பார்த்த மனிதர் மேஜையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதார். "இதை வச்சுக்கிட்டா அந்தப் பொம்பளை சிரிச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதன்பின் அவர் சம்பளத்தில் முதல் செலவாக ஆட்டுத்தோல் கையுறையும் வாத்துக் கொழுப்பும் வாங்கி அவள் குடிசையில் வைத்தார். அவள் திட்டினாள், ஆனால் தடவிக்கொண்டாள். தடவியபோது அவருக்கும் இதமாக இருந்தது.

அன்றிலிருந்து நஸாருக்குத் தன் வலி தெரியாமல் போனது. முதலில் கண்டுபிடித்தவள் உஸ்தின்யா. தேநீருக்குக் கொதிக்கும் சமோவார்க் கலத்தில் அவர் உள்ளங்கையை ஊன்றி நின்று பேசிக்கொண்டிருக்க, தோல் கருகும் வாசனை அவளுக்குத்தான் வந்தது. அன்று மாலை ஊரில் கால்வாசிப் பேர் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு, பணம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டோம். நானும் சொறிந்தேன். அப்போது எதையும் எதோடும் யாரும் முடிச்சுப் போடவில்லை. உஸ்தின்யா மட்டும் தினமும் அவர் வீடு வந்ததும் குதிரையைச் சோதிப்பதுபோலக் காது, மூக்கு, கால்விரல் ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்துப் பார்ப்பாள். "ஊருக்கெல்லாம் நீ இருக்கே, உனக்கு நீ இல்ல. என்னிக்கோ ஒருநாள் செத்துப்போயிட்டு அது தெரியாம வேலைக்குக் கிளம்பப் போறே, பாரு" என்று திட்டிக்கொண்டே பார்ப்பாள். திட்டுக்குக் கீழே பயம் இருந்தது. தன் புருஷனுக்கு என்ன ஆனாலும் அது தனக்கோ அவருக்கோ தெரியாது என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மார்ச்சில் அது நடந்தது. வெயில் ஏறி, நதியின் பனிக்கட்டி உள்ளுக்குள் உளுத்திருந்தது. கால் தேறிய மாவ்ரா, ஈஸ்டருக்கு முன் எல்லோர் வீட்டுத் திரைச்சீலையும் வெளுத்தாக வேண்டுமே என்று, சின்னச் சறுக்குவண்டியில் துணி ஏற்றிக்கொண்டு காலை பதினோரு மணிக்கு நதியில் இறங்கினாள். துளைக்கு இருபது அடி முன்பே பனி பிளந்தது. சந்தைத் திடலில் நின்ற நஸாருக்குக் கழுத்துவரை பனி ஏறியது. மூச்சு நின்றது. எங்கே, யார் என்று யோசிக்கவேண்டிய தேவையே இல்லை. அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். மீன் கூடைகளைத் தாண்டி ஓடினார். மார்போடு பனியில் படுத்து ஊர்ந்து, அதுவும் உடைந்ததும் தண்ணீரில் குதித்து, அவளைப் பாவாடையைப் பிடித்துத் தூக்கிக் கெட்டியான பனியின்மேல் தள்ளினார். இரண்டு வண்டிக்காரர்கள் கழியை நீட்டி அவளை இழுத்துக்கொண்டார்கள். "மாமா, நீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"முதல்ல அவளைக் குளியல் வீட்டுக்குக் கொண்டுபோங்கடா! எனக்கு ஒண்ணுமில்ல, இதோ ஏறி வந்துடறேன்" என்றார் நஸார். முகத்தில் நோவே இல்லாததால் அவர்கள் நம்பிப் போய்விட்டார்கள்.

ஏறத்தான் பார்த்தார். விளிம்பைப் பிடித்தால் விளிம்பு உடைந்தது. இன்னொரு விளிம்பைப் பிடித்தார், அதுவும் உடைந்தது. மற்றவனாக இருந்தால் உயிர்ப் பயத்தில் கத்தியிருப்பான். நஸாருக்குக் குளிரே தெரியவில்லை. அதற்குள் மாவ்ராவைக் குளியல் வீட்டுச் சூடான பலகையில் கிடத்தி நீராவி ஏற்றியிருந்தார்கள். அந்தச் சூடு நஸாரின் முதுகில் இதமாகப் பரவியது. யாராவது வருவார்கள், அதுவரை நிற்போம் என்று மார்பளவு பனித்தண்ணீரில் நின்றார். விரல்கள் விறைத்து மூடாமல் போனதும் அவருக்குத் தெரியாது. உதடு நீலம் பாய்ந்ததும் தெரியாது. கொஞ்சம் தூக்கம் வருவது மட்டும் தெரிந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் பாதிரியார் வீட்டுக்கு அரை மூட்டை உப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். என் இடது கால் ஈரமான காலுறைக்குள் இருப்பதுபோலச் சில்லென்றது. பெரிய குளிர் ஒன்றுமில்லை. ஆனால் நான் காய்ந்த கம்பளிக் காலணிக்குள் இருந்தேன், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காலை உதறினேன். எதிரே பாதிரியாரின் மனைவியும் இடது காலைத் தூக்கி உதறிக்கொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே கொல்லன் பக்கோம் ஒற்றைக் காலில் நின்றான், ஐந்து வயது லுக்கேரியா தெருவில் உட்கார்ந்து காலணியைக் கழற்றித் தலைகீழாகத் தட்டி, "தண்ணியே இல்லையேப்பா!" என்றாள். தெரு முழுக்க ஆளாளுக்கு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் புரியவைத்தவள் மாவ்ராதான். குளியல் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, உடம்பிலிருந்து ஆவி பறக்க, அவள் படியில் நின்று கத்தினாள்:

"இது என் குளிர் இல்லடி! என் குளிரை எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அதோட குடித்தனம் பண்ணியிருக்கேன்! இது அந்தப் பாவி மனுஷனோடது! எதுக்குடா கொக்கு மாதிரி நிக்கிறீங்க, ஓடுங்க!"

ஓடினோம். தன் பெயரை அவர் அடித்துவிட்டதால் அவருடைய வலிக்கு ஆள் இல்லாமல் போயிருந்தது. ஆளில்லாத வலி எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். ஐந்நூறு பேரும் ஒருவரையும் கேட்காமல் நதியின் அதே இடத்துக்கு ஓடினோம். கதவைக் கழற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, ஏணி கொண்டுவந்தவர்கள் உண்டு. பக்கோம் வண்டிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினான். மாவுக் கையோடு வாசலில் நின்ற உஸ்தின்யா, "எங்கடா எல்லாரும் ஓடறீங்க?" என்று கேட்டாள். ஓடிக்கொண்டே ஒருவன், "உங்க வீட்டுக்காரர் தண்ணியில நிக்கிறார் அத்தை, உங்களுக்குத் தெரியலையா?" என்றான். அந்தக் கேள்வி அவளை அறைந்தது. எங்களுக்கெல்லாம் கால் சொல்லிற்று; அவளுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் கரைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் அவளும் இருந்தாள்.

இழுத்துப் போட்டபோது நஸார் கட்டைபோல இருந்தார். கண் திறந்திருந்தது, சிரித்த முகம். கம்பவுண்டர் அவ்தேய் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தத் தண்ணீரில் கால் மணி நேரம் ஆனால் ஆள் தேறாது, இவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். நாடியைப் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார். நாடி நன்றாக அடித்தது. "செத்திருக்கணும். ஆனா ஐந்நூறு பங்கு போட்டா ஆளுக்கு ஒரு நனைஞ்ச காலுறைதான் வருது. அதுல எவன் சாவான்?" என்றார். கரையில் நின்ற எங்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கோம் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டான். அதன்மேல் நான் போட்டேன், அதன்மேல் இன்னொருவர், இன்னொருவர் என்று கோட்டுக் குவியலுக்குள் நஸார் காணாமல் போனார். உள்ளேயிருந்து, "மூச்சு முட்டுதுடா பாவிகளா" என்று குரல் வந்ததும்தான் நிறுத்தினோம்.

இரண்டு நாள் கழித்து உஸ்தின்யா காவல் அலுவலகத்துக்குப் போய், தன்னைக் குரியின் பட்டியலிலிருந்து நஸாரின் பட்டியலுக்கு மாற்றச் சொன்னாள். "ஊருக்கே தெரிஞ்சுது, கட்டின பொண்டாட்டிக்குத் தெரியல. இந்த அவமானம் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்" என்றாள். ஒன்று வந்தால் ஒன்று போகவேண்டும். பொர்ஃபீரி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். நஸாரின் ஐந்நூறிலிருந்து போக ஒருவரும் சம்மதிக்கவில்லை, நானும் சம்மதிக்கவில்லை. அவரால் எங்களுக்குக் கிடைத்ததற்கு அந்தக் கால் குளிரில் ஒரு பங்கையாவது தாங்காமல் போவதா? கடைசியில் பொர்ஃபீரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் நஸாரின் ஆள்தான், நானூற்று ஒன்றாம் எண். "தொப்பியில குலுக்கினவன் நான்தானே" என்று சொல்லித் தன் பெயரைக் குரிக்கு மாற்றி, அந்த இடத்தில் உஸ்தின்யாவை எழுதினார். பிறகு அலமாரியைத் திறந்து "மிச்சம்" என்ற தாளை எடுத்தார். அதில் மாவ்ராவின் பெயரை முன்பே அடித்திருந்தார். கீழே நஸார் என்று எழுதியிருந்ததை ஊர்க்காரர்கள் அன்றுதான் பார்த்தோம். அதை அவர் அடுப்பில் போட்டார். உஸ்தின்யா வீட்டுக்குப் போய், கட்டிலில் தூங்கும் நஸாரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலில் வந்த சிறு குறுகுறுப்பை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாளாம். "இன்னிக்குத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்று மாவ்ராவிடம் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் விசேஷமாக ஒன்றும் இல்லை. காலி இடங்களுக்கும் ஆள் கிடைத்தது; குலேபினில் காவலர் வேலைக்கு இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து வந்து நிற்கிறார்கள். நஸார் விறகு பிளக்கும்போது விரலில் பட்டால், அவர் கோடரியை ஓங்கி அடுத்த கட்டையை எடுப்பதற்குள் யாராவது துணிச்சுருளோடு வேலியைத் தாண்டி வந்து, "எந்த விரல் மாமா?" என்று கேட்பார்கள். 1901ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மழை பிடித்த ஒரு வாரம் முழுக்க, எங்கள் ஐந்நூறு பேருக்கும் கீழ்த்தாடையில் நமநமவென்று இருந்தது. கொசு கடித்த அளவுதான், ஆனால் விடவே இல்லை. சூப் குடித்தால் நமைச்சல், தேநீர் குடித்தால் நமைச்சல், பிரார்த்தனையில் பாடினால் நமைச்சல். ஏழாம் நாள் நாங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் கூடிவிட்டோம்.

"என்னப்பா விசேஷம்?" என்றார் நஸார், கொட்டையை உடைத்துக்கொண்டே. அதையும் அந்தப் பல்லால்தான்.

"போய் அந்தப் பல்லைப் புடுங்கித் தொலை மாமா, புண்ணியமாப் போகும்!" என்றான் பக்கோம்.

தட்டாமல் கிளம்பினார். பின்னாலேயே நாங்களும் போனோம். கம்பவுண்டர் அவ்தேய் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குறடை எடுத்துக்கொண்டு, "எந்தப் பல்லு?" என்று கேட்டார். நஸார் விழித்தார். உஸ்தின்யா வலப்பக்கம் என்றாள். மாவ்ரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, தன் வாயை அகலத் திறந்து, கடைவாயில் பின்னிருந்து இரண்டாவதைத் தொட்டுக் காட்டினாள். "இதுதான்" என்றாள். அவ்தேய் நஸாரின் வாயில் அதே பல்லைப் பிடித்து இழுத்தார். நாங்கள் ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் லேசாக "ஸ்" என்றோம். பிறகு நன்றாக இருந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.